ஏழாம் எண் ஆட்டக்காரி நின்றுகொண்டிருக்கிறார்

ஏப்ரல் 11

இன்று அம்மாவிடம், விழுந்ததைச் சொல்லவில்லை.

மாலை ஏழு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து போன் வந்தது. பதினான்கு வருடங்களாக அம்மா கேட்பது ஒரே கேள்விதான். ஜெயித்தோமா, நான் எத்தனை புள்ளி போட்டேன் என்பதெல்லாம் அவளைப் பொறுத்தவரை அலுவலக விவரங்கள்.

"விழுந்தியாட்டி?"

"இல்லம்மா."

"ஸ்தோத்திரம்."

வைத்துவிடுவாள். கூடைப்பந்து ஆடுகிறவள் ஒரு மாலைக்கு நான்கு முறையாவது விழுவாள். என் வாழ்நாள் புள்ளிகளைவிட அம்மாவிடம் சொன்ன பொய்கள் அதிகம் இருக்கும்.

ஆனால் இன்று விழுந்தது வேறு மாதிரி. காலைப் பயிற்சியில், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்காகக் குதித்தேன். பந்தைப் பிடித்துவிட்டேன். இறங்கும்போது உடம்பு ஒரு பக்கமும் வலது முட்டி இன்னொரு பக்கமும் போயின. யாரும் என்னைத் தொடவில்லை. உள்ளே பிஞ்சு வெண்டைக்காயை ஒடிப்பதுபோல ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது.

"என்னம்மா பெர்சிஸ், வழுக்கிருச்சா?" என்றார் பாண்டியராஜன் சார். எங்கள் வங்கியின் பெண்கள் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர்.

"தரை ஈரம் சார்."

அவர் ஆளைக் கூப்பிட்டு, நான்கு மாதமாக மழையே காணாத அந்த சிமெண்ட் தரையை ஒருமுறை துடைக்கச் சொன்னார்.

சாரிடம் ஏன் சொல்லவில்லை என்பதை எழுதி வைத்துவிடுகிறேன். நான் விழுவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் அவர் அறிவித்திருந்தார்: மே 20 முதல் 25 வரை தூத்துக்குடியில் அகில இந்தியப் போட்டி, நான்தான் அணித் தலைவி. தூத்துக்குடி என் ஊர். அம்மா நான் ஆடிப் பார்த்தது ஒரே ஒரு முறை, என் பதினைந்தாவது வயதில், அங்கே நடந்த மாவட்டப் போட்டியில். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம் நான் விழுந்து முன்பல் உடைந்தது. அம்மா கைப்பையோடு மைதானத்துக்குள் ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டாள். ஆட்டம் நின்றது. நடுவர் எங்கள் அணிக்கு அபராதம் விதித்தார். ஒரு புள்ளியில் தோற்றோம். "பிள்ளை விழுறத பாக்கதுக்கா பெத்தேன்" என்று சொன்ன அம்மா அதற்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை.

இன்று போனில், "நம்ம ஊர்லயே மேட்ச் வருதும்மா, இந்தத் தடவையாவது வாயேன்" என்றேன்.

"பாப்போம்" என்றாள். "முடியாது" என்பது மட்டுமே வந்த வாயிலிருந்து முதல் "பாப்போம்".

எனக்கு இருபத்தொன்பது வயது. அம்மா பார்க்க ஒரே ஒரு கூடையாவது போட வேண்டும். இதை வேறு யாரிடமும் சொல்வதாக இல்லை.

ஏப்ரல் 14

விடுமுறை. முட்டி பலாக்கொட்டை நிறத்தில், பலாப்பழ அளவில் இருக்கிறது. அறைத்தோழி வெண்ணிலாவிடம் கொசு கடித்தது என்றேன். அவள் வியாசர்பாடிப் பெண். எங்கள் அணியில் பந்தைக் கொண்டு செல்கிறவள். ஐந்தடி இரண்டு அங்குலம், வாய் மட்டும் ஏழடி.

"இன்னாக்கா, கொசுவா கட்ச்சிது? காண்டாமிருகமா?"

ஏப்ரல் 15

ஸ்கேன் எடுத்துவிட்டு வங்கிக்குப் போனேன்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, ஆறடி ஓர் அங்குலம் என்கிற தகுதியில், விளையாட்டு ஒதுக்கீட்டில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். காலைப் பயிற்சி முடிந்து பத்து மணிக்குக் கையெழுத்து, மூன்று மணிக்கு மாலைப் பயிற்சிக்கு விடுப்பு. நடுவில் உள்ள ஐந்து மணி நேரத்தில் நான் செய்கிற வங்கிப் பணிகள் இரண்டு: மேல் தட்டுக் கோப்புகளை எடுப்பது, கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுவது. மீதி நேரம் படிக்கிறேன். ஒன்பது வருடத்தில் ஒரு நடுத்தர நூலகத்தை முடித்திருப்பேன். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இன்று மேலாளர் டியூப்லைட் மாற்றச் சொன்னார். எட்ட வேண்டுமானால் நுனிக்காலில் நிற்க வேண்டும். நின்றேன். என் முகம் போன போக்கைப் பார்த்து, "ஷாக் அடிக்குதா மேடம்?" என்று ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டார். இருபது நிமிடம் வங்கியே இருட்டில் இருந்தது. நல்ல மனிதர்.

ஏப்ரல் 16

முட்டிக்குள் இருக்கும் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்பது மாத ஓய்வு. அப்போது எனக்கு முப்பது. அணியில் இடத்துக்காகப் பத்தொன்பது வயதுப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள்.

அயனாவரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போகச் சொன்னார். பெயர் மதிவாணன். ஐந்தடி ஐந்து அங்குலம் இருப்பார். யாரைப் பார்த்தாலும் அளந்துவிடுவது தொழில் பழக்கம். வேறு காரணம் இல்லை.

"எப்ப ஆபரேஷன் வச்சுக்கப் போறீங்க?" என்றார்.

"ஜூன்ல."

"அதுவரைக்கும்?"

"ஆடணும்."

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நான் வேண்டாம்னு சொல்லணும்."

"சொல்லுங்க."

"வேண்டாம்."

"சரி."

"கேக்க மாட்டீங்க."

"மாட்டேன்."

"அப்ப எழுதிக்குங்க. குதிக்கக் கூடாது. ஓடிக்கிட்டே இருந்து சட்டுனு நிக்கக் கூடாது. நின்ன இடத்துல திரும்பக் கூடாது."

"இதெல்லாம் போனா கூடைப்பந்துல மிச்சம் என்ன இருக்கு?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "நிக்கலாம்."

ஏப்ரல் 20

ஈஸ்டர். அதிகாலை ஆராதனையில் எல்லோரும் முழங்கால் படியிட்டார்கள். நான் மட்டும் நின்றேன். பின்வரிசை அம்மாள், "உங்க ஹைட்டுக்கு உக்காந்தாவே பின்னால மறைக்குது, நிக்க வேற செய்யறீங்களே" என்றார்.

ஏப்ரல் 25

நான் படித்த நாவல்களில் ரகசியம் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இருமுகிறார்கள், இல்லையென்றால் ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறார்கள். யாரும் நொண்டுவதில்லை. நொண்டாமல் நடக்கப் பழகுவது எவ்வளவு வேலை என்று அந்த எழுத்தாளர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு காலையும் ஒரே மாதிரி இழுத்து நடந்தால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை என்று இன்று கண்டுபிடித்தேன். பாண்டியராஜன் சார் மட்டும், "என்னம்மா, மகாராணி கணக்கா நடக்குற" என்றார்.

ஏப்ரல் 29

மதிவாணனிடம் நான்காவது முறை. காலை நீட்டி, பத்து எண்ணும்வரை தூக்கி வைக்க வேண்டும். அவர் எண்ணுவார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஏதாவது கேள்வி கேட்பார். நான் பதில் சொல்லி முடிக்கும்வரை எட்டு வராது. இன்று என்ன படிக்கிறேன் என்று கேட்டார். நான் பதில் சொல்லி முடிக்க மூன்று நிமிடம் ஆனது. கால் நடுங்கியது. கையெழுத்து மிக மோசம் அவருக்கு. ஒரே நீலச் சட்டையை மூன்றாவது முறையாகப் போட்டிருந்தார்.

மே 3

இப்போது அணி முழுவதும், நான் காதலிக்கிறேன் என்று நம்புகிறது.

பயிற்சி முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போகிறேன். ஆட்டத்தில் கவனம் இல்லை. பந்து வந்தால் குதிப்பதில்லை. இதெல்லாம் வெண்ணிலா சேர்த்து வைத்த ஆதாரங்கள். நேற்று மழை. மதிவாணன் என்னை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுப் போனதை விடுதி வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

"யாருக்கா அது?"

"தெரிஞ்சவர்."

"தெரிஞ்சவர் கொடை புடிக்கிறாரு. கைய மேல தூக்கிப் புட்ச்சும் கொடை உன் மூக்குல இடிக்குது. நீ சிரிச்சிக்கினு நிக்கற."

"குனிஞ்சா நனைஞ்சிடுவேன்னு நின்னேன்."

"அக்கா, ஒம்போது வர்சமா உன்ன பாக்கறேன். யாராச்சும் உன் மூக்குல இட்ச்சா கையத்தான் ஒடைப்ப."

மறுத்திருக்கலாம். மறுத்தால் முட்டியைச் சொல்ல வேண்டும். காதல் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அணியின் நலனுக்காகத்தான்.

மே 8

பாண்டியராஜன் சார் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு இரண்டு மகள்கள். இந்த மாதிரிப் பேச்சில் பயிற்சி இருக்கிறது.

"பாரும்மா. வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். தப்பு சொல்லல. ஆனா பந்து மேல வரும்போது அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்குறியே, நிலாவையா பாக்குற? கையத் தூக்கு. குதி."

"சரி சார்."

"பையன் நல்ல பையனா?"

"கையெழுத்துதான் சரியில்ல சார்."

அவர் கவலையோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

மே 13

குதிக்காமல் ஆட ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. எதிராளிக்கும் பந்துக்கும் நடுவில் முதுகைக் கொடுத்து நின்றுவிட்டால் போதும். பந்து தானாக வெண்ணிலா கைக்கு இறங்கும். மதிவாணன் சொன்னதில் ஏதோ இருக்கிறது.

மே 19

முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினோம். அணிக்கு விடுதி. நான் மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு.

அம்மா வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மெலிஞ்சிட்ட."

"வெயிட் கூடியிருக்கும்மா."

"அப்ப மெலிஞ்ச மாதிரி கூடியிருக்க."

சாளை மீன் போட்ட புளிமுளக் குழம்பு, சோறு. நாளைக்கு வருவாயா என்றேன். நாளைக்குச் சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டமாம். மறுநாள்? உப்புவண்டிக்காரர் வருகிறாராம். அதற்கு மறுநாள்? "ஃபைனல் என்னைக்கு?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை. "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சி சும்மாதான் இருப்பேன்."

அதாவது நாங்கள் ஞாயிறு வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

மே 20

வென்றோம், 58–49. என் புள்ளிகள்: 0.

நடந்தது இதுதான். என் உயரத்தையும் பழைய பெயரையும் கேள்விப்பட்டு, எதிரணி என்னைக் காவல் காக்க இரண்டு பேரைப் போட்டது. நான் எங்கே நின்றாலும் அவர்கள் இருவரும் என் இரு பக்கமும் நின்றார்கள். ஆக மற்ற நால்வரை அவர்கள் மூன்று பேர் சமாளிக்க வேண்டியிருந்தது. வெண்ணிலா இருபத்தாறு போட்டாள். எதிராளியைப் பயமுறுத்த முட்டி தேவைப்படுவதில்லை.

மைக்கில் வர்ணனை செய்கிறவர் இங்கே ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சாலமோன் வாத்தியார். உள்ளூர்ப் பெண்ணைப் பற்றி எதையாவது சொல்லியே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் இருந்தார். நான் எதுவும் செய்யவில்லை. கடைசியில், "நம் மண்ணின் மங்கை, ஏழாம் எண் ஆட்டக்காரி பெர்சிஸ்... கம்பீரமாக நின்றுகொண்டிருக்கிறார்!" என்றார். கூட்டம் கைதட்டியது.

மே 21

வென்றோம். 0. "மீண்டும் நின்றுகொண்டிருக்கிறார்!"

பாண்டியராஜன் சார் உள்ளூர்ப் பத்திரிகைக்காரரிடம், "எங்க கேப்டன நிப்பாட்டி வச்சே ஆட்டத்தத் திருப்புறது, இது நான் ஆறு மாசமா யோசிச்ச திட்டம்" என்று சொன்னதைப் பக்கத்திலேயே நின்று கேட்டேன்.

மே 22

ஆட்டம் இல்லை. மதிவாணனுக்குப் போன் செய்து, தொலைவிலிருந்தே எண்ணச் சொன்னேன். ஏழு வரை எண்ணினார். "கடல் தெரியுமா அங்கேருந்து?" என்றார்.

மே 24

அரையிறுதியில் தோற்றோம். டெல்லியிலிருந்து வந்த அணியின் பயிற்சியாளர், முன்பு என்னோடு ஆடியவர். முதல் ஐந்து நிமிடம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என்னைக் காத்த இருவரையும் விலக்கிக்கொண்டார். நான் தனியாக, சுதந்திரமாக, பத்தடி வட்டத்தில் யாருமில்லாமல் நின்றேன். பந்து மூன்று முறை என்னிடம் வந்தது. எகிறாமல் எறிந்தேன். மூன்றும் போகவில்லை. ஒன்று வளையத்தைக்கூடத் தொடவில்லை. சாலமோன் வாத்தியார் அமைதியாகிவிட்டார். அதுதான் அதிகம் வலித்தது.

"ஃபைனலா நாளைக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"மூணாம் இடத்துக்கும்மா."

"அதுக்கும் கப்பு உண்டா?"

"உண்டு. சின்னது."

"பின்ன என்ன. வாரேன்."

மே 25

பத்திக்குப் பத்தி எழுதாவிட்டால் ஏதாவது விட்டுப்போகும்.

மாலை நான்கு மணி ஆட்டம். எதிரே கேரளத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி அணி, மஞ்சள் சட்டை. நாங்கள் நீலம். மூன்றரைக்கு ஒரு வேன் வந்து நின்றது. பெண்கள் ஐக்கிய சங்கம் முழுவதும், எல்லோரும் ஆராதனைச் சேலையிலேயே, கையில் பனை விசிறியோடு இறங்கினார்கள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் தொடங்கும் விசில் ஊதியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆட ஆட, இடையிடையே பார்த்தேன். உதடுகள் அசைந்தன. கண் மூடியே இருந்தது.

மூடட்டும், போட்டால் சத்தத்தில் திறப்பாள் என்று நினைத்தேன். முதல் பாதியில் இரண்டு முறை எறிந்தேன். இரண்டும் தவறின. அதன் பிறகு நான் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இடைவேளைக்குப் பிறகு இரு அணிகளும் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதல் பாதி முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து, தன் அணி எந்தப் பக்கக் கூடையில் போடுகிறது என்பதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொண்ட ஒரு பெண் இருந்தாள். மஞ்சள் அணியின் பன்னிரண்டாம் எண், ஒல்லியான பிள்ளை. மூன்றாம் பகுதியில் அவளை முதல்முறையாக உள்ளே அனுப்பினார்கள்.

அப்போது ஆட்டம் நாங்கள் காக்க வேண்டிய கூடையின் அடியில் நடந்துகொண்டிருந்தது. நான் அங்கே இல்லை. ஓடித் திரும்ப முடியாமல் மறு கோடியில், நாங்கள் போட வேண்டிய கூடைக்கு அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். வெண்ணிலா பந்தைத் தட்டிவிட்டாள். அது நடுக்கோட்டைத் தாண்டி உருண்டது. பன்னிரண்டாம் எண் பாய்ந்து வந்து எடுத்தாள். நிமிர்ந்தாள். எதிரே காலி மைதானம், ஒரு கூடை, கூடைக்கு அடியில் ஒரே ஒரு நீலச் சட்டை.

அவள் கண்ணில் வந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். என் முதல் ஆட்டத்தில், விழுவதற்கு முன்னால் அதே வெளிச்சம் எனக்கும் இருந்திருக்கும்.

அவளுடைய அணியே பின்னால் கத்தியது. ஊக்கப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடி வந்தாள். கூட்டமும் எழுந்து கத்தியது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒதுங்கி வழி விட்டிருக்க வேண்டும். அது அவர்கள் காக்க வேண்டிய கூடை. அதில் யார் போட்டாலும் புள்ளி எங்களுக்கு. ஆனால் பதினான்கு வருடப் பழக்கம். பந்தோடு ஒருத்தி வந்தால் கை தானாக மேலே போகும். இரண்டு கையையும் தூக்கி நின்று, எங்களுக்கு வரவிருந்த புள்ளியை முழு மனத்தோடு தடுத்தேன்.

"அக்கா! வுட்ருக்கா! வழி வுடு!" என்று வெண்ணிலா அலறியது காதில் விழுந்தது.

பன்னிரண்டாம் எண் இடது பக்கம் போவதுபோலக் காட்டி வலது பக்கம் போனாள். அருமையான ஏமாற்று. நான் திரும்பவில்லை, திரும்பக் கூடாது. அவள் எகிறி, பந்தைப் பலகையில் மெதுவாகத் தட்டினாள். உள்ளே விழுந்தது.

இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு தன் பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சில் எல்லோரும் தலையில் கை வைத்திருந்தார்கள்.

புள்ளி எழுதும் மேசையில் குழப்பம். நடுவர் போய்ப் பேசினார். பிறகு சாலமோன் வாத்தியாரின் குரல், ஐந்து நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வெடித்தது. "இரண்டு புள்ளிகள்! ஏழாம் எண் ஆட்டக்காரி! நம் மண்ணின் மங்கை! பெர்சிஸ்!"

யாரோ சரவெடி கொளுத்தினார்கள். சங்கத்துப் பெண்கள் எழுந்து விசிறியை ஆட்டினார்கள். நான் புள்ளி எழுதுகிறவரிடம் போனேன்.

"சார், இது நான் போட்டது இல்ல."

"தெரியும். நீங்கதான கேப்டன்?"

"ஆமா."

"எதிராளி தெரியாம அவங்க கூடையிலயே போட்டுட்டா, கோர்ட்டுல நிக்குற அடுத்த டீம் கேப்டன் பேர்லதான் எழுதணும். விதி அது. போய் ஆடுங்க."

திரும்பிப் பார்த்தேன். அம்மா நின்றுகொண்டிருந்தாள். கைப்பை கீழே கிடந்தது. தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.

47–46. வென்றோம். கோப்பை ஒரு சாண் இருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் பன்னிரண்டாம் எண் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். பெயர் அனகா. "சாரி சேச்சி" என்றாள். எனக்கு இரண்டு புள்ளி கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டது அவள் ஒருத்திதான்.

பாண்டியராஜன் சாரை மீண்டும் பத்திரிகைக்காரர் பிடித்தார். "அந்தப் பக்கம் கேப்டன நிப்பாட்டுனது எதுக்குன்னு இப்பப் புரியுதா?" என்றார் சார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எட்டி என் கன்னத்தைத் தடவினாள். "ரெண்டு போட்டியேட்டி!" என்றாள். சங்கத்துப் பெண்கள் ஆறு பேர் பக்கத்தில் நின்றார்கள். நான் கால் கழுவப் போய்விட்டேன்.

மே 26

காலையில் ஆப்பம் சுட்டுக்கொண்டே அம்மா கேட்டாள். "அந்த மஞ்சச் சட்டைப் பிள்ளைக்கு ஏதும் திங்கக் குடுத்தாவளா? அழுதுக்கிட்டே வண்டியில ஏறிச்சு."

"எந்தப் பிள்ளை?"

"உன் பேர்ல போட்டுச்சே, அந்தப் பிள்ளை."

"நீ கண்ண மூடிக்கிட்டுல்லா இருந்த?"

"மொதல்ல மூடினேன். நீ விழுத சத்தம் கேக்கும் கேக்கும்னு இருந்தேன். கேக்கவே இல்ல. சரின்னு தொறந்தேன்." சட்டியைச் சுழற்றினாள். "முழு ஆட்டத்துலயும் நீ ஒருதடவகூட விழல. அதான் சந்தேகம் வந்துச்சு. ஓடுத பிள்ளைதானட்டி விழும். நீ எங்க ஓடின? தந்திக்கம்பம் மாதிரி நின்ன."

நான் ஆப்பத்தைப் பிய்த்துப் பாலில் தோய்த்தேன்.

"எந்த முட்டி?"

"வலது."

"எப்ப இருந்து?"

"ஏப்ரல் பதினொண்ணு."

"அன்னைக்கு விழலன்னு சொன்ன."

"ஆமா."

"பதினாலு வருசமா விழலன்னுதான் சொல்லுத. நான் நம்பினேன்னு நெனச்சியாக்கும். பொய் சொல்லுத அளவுக்குத் தெம்பு இருக்குல்லா, அப்ப பெரிய அடி ஒண்ணும் இல்லன்னு போன வச்சிருவேன்." இன்னொரு ஆப்பத்தைத் தட்டில் போட்டாள். "இந்தத் தடவைதான் ஏமாந்துட்டேன்."

வருடக்கணக்காக என்னோடு ஆடியவர்களும், என்னை ஆட வைத்தவரும் ஆறு வாரமாகக் காணாததை, கூடைப்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாத ஒருத்தி அரை மணி நேரத்தில் கண்டுவிட்டாள்.

"பின்ன ஏம்மா எந்திச்சி நின்னு கை தட்டின?"

"மைக்குல உன் பேரச் சொன்னாவ. சும்மா இருக்க முடியுமா?"

மே 28

சென்னை. பாண்டியராஜன் சாரிடம் சொல்லிவிட்டேன். ஸ்கேனைப் பத்து நிமிடம் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியது. "அப்ப காதல் இல்லையா?" என்றார்.

என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஜூன் 9

அறுவை சிகிச்சை முடிந்தது. அம்மா வந்திருக்கிறாள். மதிவாணனும் வந்திருந்தார், தொழில்முறையில். நீலச் சட்டை. அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சின்னப் பிள்ளையா இருக்காவ. சாப்பிடச் சொல்லு" என்றாள்.

மறு வருடம், ஏப்ரல் 11

முட்டி முழுவதும் சரியாகிவிட்டதாக மதிவாணன் போன மாதம் எழுதிக் கொடுத்தார். வாரம் மூன்று மாலை இன்னும் போகிறேன். எட்டு இன்னும் தாமதமாகத்தான் வருகிறது.

போன வருடம் மே 25-க்குப் பிறகு நான் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. செப்டம்பரிலிருந்து வங்கியில் நகைக்கடன் பிரிவில் முழுநேர வேலை. அம்மா சனிக்கிழமை மாலைகளில் வேன் இல்லாமல், தனியாக, பேருந்து பிடித்துத் தூத்துக்குடியில் அந்த மைதானத்துக்குப் போய், யார் ஆடினாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறாள்.